‘வந்து’ என்றால் வந்துவிட்டதா?

ஆலமரத்தடி: “குரல் எந்திரங்கள் இப்போது தமிழை மனிதரைப் போலவே புரிந்துகொள்கின்றன” என்று குறிமுறையாளன் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் ஒரு புகார் எண்ணை அழைத்து, “அது வந்து, சாயங்காலத்திலிருந்து மின்சாரம் வந்து வந்து போகிறது” என்றேன். “மின்சாரம் வந்துவிட்டதில் மகிழ்ச்சி, உங்கள் புகார் முடிக்கப்பட்டது” என்றது ஒரு தேன்குரல். இருட்டில் உட்கார்ந்து கேட்டேன் ஐயா!

குறிமுறையாளன்: முதல் ‘வந்து’ எதற்கு? “மின்தடை” என்றிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

ஆலமரத்தடி: ஒற்றைச் சொல்லில் பேசத்தான் எண் பொத்தான்கள் இருக்கின்றனவே! அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 1992இலேயே ஐந்தே ஐந்து சொற்றொடர்களை வைத்துத் தொலைபேசி அழைப்புகளைப் பிரித்தது. பேச்சின் நடுவே கிடந்தாலும் அவற்றைப் பொறுக்கி எடுத்தது. புரிந்துகொள்கிறேன் என்று அது பீற்றிக்கொள்ளவில்லை. உங்கள் எந்திரமும் பொறுக்கத்தான் செய்கிறது. ‘வந்து’வைப் பொறுக்கிக்கொண்டு ‘போகிறது’வைத் தெருவில் விட்டுவிட்டது.

குறிமுறையாளன்: சாதாரணத் தொலைபேசி இணைப்பில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போய்ச் சேரும். அதற்குமேல் உங்கள் வீட்டில் மிக்சி இரைந்திருந்தால் எந்திரம் என்ன செய்யும்?

ஆலமரத்தடி: மின்சாரம் இல்லாத வீட்டில் மிக்சியா? எந்திரத்தை விடுங்கள், நான் எழுதியது உங்களுக்கே புரியவில்லை.

செந்தமிழ்க்கிழார்: ‘அது வந்து’ என்பதில் உள்ள ‘வந்து’ வெறும் அசை, பொருள் கிடையாது. ‘வந்து வந்து போகிறது’ அடுக்குத்தொடர். பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது போகட்டும், ‘எந்திரம்’ என்ன எந்திரம்? ‘இயந்திரம்’ என்று எழுதக்கூடாதா?

ஆலமரத்தடி: வாருங்கள். போன மாதம் ‘சுவற்றில்’ என்று எழுதிவிட்டு ‘சுவரில்’தான் சரி என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளாதவர் வந்துவிட்டார்.

செந்தமிழ்க்கிழார்: அது தட்டச்சுப் பிழை.

ஆலமரத்தடி: ஏழு இடத்திலுமா?

குறிமுறையாளன்: பேச்சை மாற்றாதீர்கள். ‘வந்து’ இல்லாமல் மறுபடி அழைத்துப் பாருங்கள்.

ஆலமரத்தடி: நான் ஏன் மாற வேண்டும்? எழுபது வருடமாக அப்படித்தான் பேசுகிறேன். நீங்கள் முதலில் ஒருநாள் முழுக்க ‘வந்து’ போடாமல் வீட்டில் பேசிவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

குறிமுறையாளன்: பார்த்தீர்களா, இதிலும் ஒரு ‘வந்து’.