எரிமலையை நேரில் கண்ட மும்பைத் தமிழர்களே, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அந்தேரியிலிருந்து:

எரிமலை பார்க்க ஹவாய்க்கும் இந்தோனேசியாவுக்கும் போகத்தான் வேண்டும் என்றில்லை. அந்தேரி ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி, ஆட்டோக்காரரிடம் கில்பர்ட் ஹில் என்று சொன்னால் போதும். அடுக்குமாடிகளுக்கும் குடிசைகளுக்கும் நடுவே சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு, எரிமலைக் குழம்பு உறைந்த ஒரே கரும்பாறை நிமிர்ந்து நிற்கும். உச்சியில் காவ்தேவி கோவில். ஏறிப்போகச் செங்குத்தான படிகள்.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது கூட்டிப்போனேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், "இவ்வளவு நேர்த்தியா யாருப்பா செதுக்கினது?" என்றார். அப்படித்தான் தோன்றும். கிட்டப் போனால், பாறை முழுக்க நெட்டுக்குத்தாகத் தூண் தூணாகப் பிரிந்திருப்பது தெரியும். ஒவ்வொரு தூணுக்கும் ஐந்தாறு பட்டைகள். இடுக்கில் விரல் வைத்தால் பட்டையின் விளிம்பு கையில் தட்டுப்படும். உருகிய கற்குழம்பு மெல்ல ஆறி இறுகும்போது சுருங்கும்; சுருங்கும்போது வெடிப்பு விடும். கோடையில் குளம் வற்றினால் களிமண் கட்டம் கட்டமாகப் பாளம் விடுமே, அதே கணக்குத்தான். குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்கும். தூண்கள் உருவான விதம் இதுதான்.

இது நடந்து ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மும்பை மட்டுமல்ல, மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியும், குஜராத், மத்தியப் பிரதேசத்தில் நிறைய இடங்களும் அப்போது வழிந்த குழம்பு உறைந்த தரைதான். இன்றைக்கு மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ரயில் லோனாவாலாவுக்கு ஏறும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். எதிர்ச்சரிவு படிப்படியாகத் தெரியும். குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி உறைந்த அடுக்குகள் அவை.

நம் காலுக்குக் கீழே நெருப்புக் கடல் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் திடமான பாறைதான். கொதிக்கும் சூட்டிலும் அது உருகாமல் இருக்கக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். சூடான பாறை மேலே எழும்பி அழுத்தம் குறைந்தால் உருக ஆரம்பிக்கும். தக்காணத்தை மூடிய குழம்பு அப்படி வந்தது. இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமக்கும் பெரும் பாறைப் பலகை, பிறகு வடக்கே நகர்ந்துவிட்டது. சூடான பாறை எழும்பிய அந்த மையம் இன்று இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. அங்குள்ள பிட்டன் டி லா ஃபூர்னேஸ் எரிமலை இன்னும் அடிக்கடி குமுறுகிறது.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. கில்பர்ட் ஹில்லைச் சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 2007-இல் மாநகராட்சி அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதோடு நிறுத்தாமல், பிள்ளைகள் வந்து நின்று பார்க்க ஒரு திறந்த இடமும், தமிழோ மராத்தியோ ஏதாவது ஒரு மொழியில் நல்ல விளக்கப் பலகையும் வைக்க வேண்டும்.

செம்பூரிலிருந்து:

நான் அறிவியல் ஆசிரியை. எரிமலைப் பாடம் வந்தால் பிள்ளைகளை ஃபோர்ட் பகுதியில் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவேன். உள்ளே போவதற்கு முன் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கட்டடத்தில் இரண்டு கல் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் குர்லா பசால்ட், வெளிர்மஞ்சளில் மாலாட் கல். இரண்டுமே எரிமலைப் பாறை.

ஆனால் குணம் வேறு. பசால்ட்டில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், கிட்டத்தட்ட பாதிதான். மாலாட் கல் டிராக்கைட் வகை, அதில் சிலிக்கா அதிகம். சிலிக்கா கூடக்கூடக் குழம்பு கெட்டிப்படும். கற்குழம்புக்குள் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கரைந்திருக்கின்றன. மேலே வரவர அவை குமிழியாகப் பிரியும். குழம்பு இளக்கமாக இருந்தால் வாயு சுலபமாகத் தப்பிக்கும், குழம்பு ஆறாக ஓடும். கெட்டியாக இருந்தால் வாயு சிக்கிக்கொள்ளும். அழுத்தம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் குழம்பையே தூள் தூளாக்கிக்கொண்டு வெளியே பாயும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ அப்படித்தான் வெடித்தது. அது வானில் ஏற்றிய கந்தக வாயுவால் உலகத்தின் சராசரி வெப்பநிலையே சுமார் அரை டிகிரி குறைந்தது.

முலுண்டிலிருந்து:

2010 ஏப்ரலில் லண்டனில் இருக்கும் மகளிடம் போகப் பெட்டி கட்டிக்கொண்டு விமான நிலையம் போனோம். ஐஸ்லாந்தில் எரிமலை, விமானம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கேயோ வெடித்ததற்கு இங்கே என்ன என்று என் மனைவிக்கு ஒரே ஆற்றாமை. அப்புறம்தான் தேடிப் படித்தேன். அதே எரிமலை மார்ச்சில் சாதுவாகக் குழம்பு கக்கியபோது, ஜனங்கள் பக்கத்தில் போய் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். ஏப்ரலில் பனிப்படலத்துக்கு அடியில் வாய் திறந்தது. இந்த முறை குழம்பிலும் சிலிக்கா கூடுதல். உருகிய பனிநீர் பட்டதும் குழம்பு சட்டென்று குளிர்ந்து நொறுங்கி, கண்ணாடித் துகளான சாம்பலாகிக் கிளம்பியது. அந்தத் துகள் ஜெட் எஞ்சினுக்குள் போனால் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். விமானங்களை நிறுத்தியது சரிதான்.

சயானிலிருந்து:

நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். அந்தமான் கடலில் இராக் காவலின்போது பாரன் (Barren) தீவு எரிமலையை ஒருமுறை பார்த்தேன். தொலைவில் அடிவானத்தை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி. கொஞ்ச நேரம் மங்கும், மறுபடி பளிச்சென்று எரியும். முதலில் வேறு கப்பலின் விளக்கு என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். கேப்டன் வரைபடத்தைக் காட்டித்தான் சொன்னார்.

இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அது. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். தண்ணீருக்கு மேலே தெரிவது 350 மீட்டர் அளவுதான், கடலுக்கு அடியில் 2 கிலோமீட்டருக்கு மேல் இறங்குகிறது. 1787-இல் அது புகைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991-இல் மறுபடி கிளம்பியது.

அந்தேரி நண்பர் சொன்ன காரணம் இதற்குப் பொருந்தாது. இங்கே இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில் செருகி இறங்குகிறது. கூடவே கடல் நீரையும் பாறைக்குள் ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த நீர் ஆழத்தில் பிரிந்து மேலே ஏறி, சூடான பாறையில் சேர்ந்தால் அதன் உருகுநிலை குறைந்துவிடும். சூடு ஏறாமலே பாறை உருகும். ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் எரிமலைகள் வரிசை கட்டி நிற்பதற்கும் இதுதான் காரணம்.

பாரன் தீவில் இறங்கக் கூடாது. வனத்துறை அனுமதி வாங்கினால் படகில் இருந்தபடியே சுற்றிப் பார்க்கலாம்.