'ஸ்ட்ராங்' எதுக்கெல்லாம் சேரும்?

கேள்வி (செங்கோட்டை): கேரளாவுல ஆரியங்காவு கடையில மலையாளத்துல 'கடுப்பத்தில் ஒரு சாயா'ன்னா ஸ்ட்ராங் டீ தர்றாங்க. பலத்த மழையையும் 'ஸ்ட்ராங் ரெயின்'னு எழுதலாமா?

பதில் 1: கூடாது. காத்துக்கு ஸ்ட்ராங், மழைக்கு ஹெவி. தமிழ்ல ரெண்டுக்கும் 'பலத்த' வர்றதாலதான் இந்தக் குழப்பம். டீ, காபி, வாசனை, ஆத்து இழுப்பு எல்லாத்துக்கும் ஸ்ட்ராங் சரி. காய்ச்சலுக்கு ஹை. 'பவர்ஃபுல் டீ' வேண்டாம், அது இன்ஜினுக்கு.

கேட்டவர்: டீக்கு எதிர்ப்பதம் லைட்தானே அண்ணாச்சி?

பதில் 1: அது நம்ம கடை வழக்கு. பரீட்சையில 'வீக்'னு எழுதுங்க.

பதில் 2: 'மோர் ஸ்ட்ராங்கர்' எழுதிராதீங்க, ஸ்ட்ராங்கர் மட்டும் போதும். உச்சரிப்பும் கவனிங்க: ஸ்ட்ராங் மூக்கொலியோட நின்னுரும், கடைசியில 'க்' கிடையாது. ஸ்ட்ராங்கர், ஸ்ட்ராங்கஸ்ட் ரெண்டுலயும் 'தங்கம்'ல வர்ற 'க' தெளிவா கேக்கணும்.