மட்டிப்பழமும் கருப்பட்டியும் போட்டு பனானா பிரெட்: அளவு யாராச்சும் சொல்லுங்களேன்

திருவட்டார் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு மட்டி வாழைக்குலை மொத்தமா பழுத்து நிக்கு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் சீப்பு தோலு கறுக்க ஆரம்பிச்சிட்டு, களைய மனசு வரல. துபாய்ல இருக்க மயினிகிட்ட சொன்னதுக்கு அவங்க ஒரு பனானா பிரெட் ரெசிப்பி அனுப்பி விட்டிருக்காவ: பழுத்த பழம் மூணு, மைதா ஒண்ணரை கப், பிரவுன் சுகர் முக்கால் கப், முட்டை ரெண்டு, சோடா ஒரு டீஸ்பூன், வெண்ணெய், கொஞ்சம் வால்நட்.

இதுல மூணு பழம்னு போட்டிருக்குல்லா, மூணு மட்டிப்பழத்தை மசிச்சா ஒரு கரண்டி கூட வராது. அப்பம் எத்தனை போடணும்? பிரவுன் சுகருக்கு பதிலா கருப்பட்டி போடலாமா, இல்ல தேன் நல்லதா? அம்மைக்கு சுகர் உண்டும், அதனால வெள்ளைச் சீனி வேண்டாம்னு பாக்கேன். வால்நட் விலைக்கு நம்ம அண்டிப்பருப்பு (முந்திரி) போட்டா சரியா வருமா? என்கிட்ட இருக்கது சின்ன ஓடிஜி ஓவன். 10 மாச பிள்ளை ஒண்ணு இருக்கு, அவனுக்கும் ஒரு துண்டு குடுக்கலாம்னு ஆசை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாஞ்சில் அடுக்களை:

மக்களே, முதல்ல பழத்தை எண்ணுறத விடு, நிறுத்துப் போடு. வெளிநாட்டு ரெசிப்பியில பழம்னு சொன்னா அது கேவண்டிஷ், நம்ம ரொபஸ்டா அந்த சாதியாக்கும். தோல் உரிச்சா ஒண்ணு 110, 120 கிராம் வரும், அப்பம் மூணு பழம்னா 350 கிராம் பக்கம். நீ மட்டி போட்டாலும் செந்துளுவன் (செவ்வாழை) போட்டாலும் தராசுல மசிச்ச பழம் 300 முதல் 350 கிராம் இருக்கணும், எண்ணிக்கை அதுக்குப் பொறவு எத்தனை வந்தாலும் வரட்டும். சமையல் தராசு இல்லைன்னா ஒண்ணேகால் கப் மசிச்ச பழம்னு வச்சுக்கோ.

ஆனா ஒவ்வொரு பழத்துக்க குணமும் வேற. மட்டி நல்ல மணம், நல்ல இனிப்பு, மசிச்சா வழுவழுன்னு ஆவும், அதனால கருப்பட்டி அளவைக் கொறைச்சிடலாம். பாளையங்கோட்டன்ல லேசா ஒரு புளிப்பு உண்டும், அது சோடாவுக்கு ரொம்ப நல்லது, விலையும் கம்மி. ஏத்தன் (நேந்திரம்பழம்) வேற மாதிரி, நல்லா பழுத்தாலும் மாவுச்சத்து கொஞ்சம் நிக்கும், பச்சையா மசிச்சா கட்டி கட்டியா இருக்கும். ஏத்தன் போடுறதா இருந்தா புட்டுக்கு அவிப்போம்லா, அதே மாதிரி தோலோட ஆவியில அவிச்சு, நடுவுல இருக்க கறுத்த நாரை எடுத்துட்டு, சூட்டோட மசிச்சு ஆற வை. அது கொஞ்சம் வறண்டு இருக்கும், ரெண்டு ஸ்பூன் பால் சேத்துக்கோ.

இனி கருப்பட்டி. இதுலதான் நெறைய பேருக்கு காரியம் கெடும். பாயாசத்துக்கு காய்ச்சுற மாதிரி தண்ணி தாராளமா விட்டு காய்ச்சினா பிரெட்டுக்க நடு வேவாது, மேல நல்லா செவந்து இருக்கும், அறுத்தா உள்ள களி. 120 கிராம் கருப்பட்டியை நல்லா நுணுக்கி, மூணு டேபிள்ஸ்பூன் தண்ணி மட்டும் விட்டு சின்ன தீயில உருக்கு. உருகினதும் வடிகட்டியே ஆவணும், மண்ணு பொடி எப்பவும் கிடக்கும், பல்லுல கடிபட்டா தின்ன முடியாது. வடிகட்டின பாவு தேன் மாதிரி ஒழுகணும், தண்ணி மாதிரி ஓடினா இன்னும் கொஞ்சம் வத்த விடு. முழுசா ஆறின பொறவு மட்டும் முட்டையில ஊத்து, சூட்டோட ஊத்தினா முட்டை அங்கேயே வெந்து திரிஞ்சிரும்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. பிரவுன் சுகர்ல மொலாசஸ்னு கறுத்த கரும்புப்பாவு இருக்கும், அதுல லேசா புளிப்பு உண்டும், அந்த புளிப்பும் பழத்துக்க புளிப்பும் சேந்தாக்கும் சோடாவை பொங்க வைக்கும். நம்ம கருப்பட்டி அப்படி இல்ல, அக்கானி (பதநீர்) புளிச்சிரக் கூடாதுன்னு கலயத்துல சுண்ணாம்பு தடவித்தான எறக்குறாங்க. அதனால கருப்பட்டி போட்டா ரெண்டு டேபிள்ஸ்பூன் புளிச்ச தயிர் கட்டாயம் சேரு, சோடாவையும் முக்கால் டீஸ்பூனா கொறை. இல்லைன்னா மேல வராது, வாயில ஒரு சோப்பு ருசி நிக்கும்.

மீதி அளவு: மாவு 200 கிராம் (பாதி கோதுமை பாதி மைதா போடலாம், முழு கோதுமை போட்டா கொஞ்சம் கனமா இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்), முட்டை ரெண்டு, தேங்காயெண்ணெய் 80 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை, சுக்கும் ஏலக்காயும் பொடிச்சது அரை டீஸ்பூன். முட்டையும் தயிரும் பிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே போடாத, தேங்காயெண்ணெய் குளிர்ந்தா உறைஞ்சு குறுணை குறுணையா நிக்கும். ஈரமானது எல்லாம் ஒண்ணாக் கலக்கி, மாவைப் போட்டு பைய ஒரு கரண்டியால பெரட்டு, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாம போனதும் நிறுத்திரு, அடிச்சுக் கலக்கினா ரப்பர் ஷீட்டு கிட்டும், அதுக்கு உங்க பக்கம் தோட்டத்துக்குப் போனா போதும் 😄

வடசேரி காரன்:

அக்கா சொன்ன அளவெல்லாம் சரி, ஆனா மட்டியை போய் ஓவன்ல வைக்கிறதா? எனக்கு மனசு ஒத்துக்கல. கன்னியாகுமரி மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது, விளவங்கோடு கல்குளம் பக்கத்துக்க பேரே அந்தப் பழத்துலதான் நிக்கு. அது உரிச்ச உடனே திங்கிற பழம், அந்த மணம் 170 டிகிரியில முக்கால் மணி நேரம் வச்சா எங்க நிக்கும்? கனகமூலம் சந்தையில ரொபஸ்டாவோ பாளையங்கோட்டனோ தோலு கறுத்தத ஓரமா போட்டு சல்லிசா குடுப்பாங்க, பிரெட்டுக்கு அது போதும். ஏத்தன் போடணும்னா ஓணத்துக்கு முன்ன வாங்காதீங்க, சிப்ஸுக்கு கேரளா பக்கம் லாரி லாரியா போவும், விலை கண்ணைக் கட்டும்.

நாஞ்சில் அடுக்களை:

தம்பி, காசு குடுத்து வாங்குறவங்களுக்கு நீ சொல்றது சரி. அவ வீட்டுல குலை அழுவுது, கோழிக்குப் போடுறதுக்கு பிரெட் போடட்டும்னுதான் சொல்றேன். மணம் கொறையும், மறுக்கல, ஆனா முழுசா போவாது. ஒண்ணு ரெண்டு பழத்தை மசிக்காம வட்டமா நறுக்கி கடைசியா மாவுல போட்டுப் பாரு, அந்த எடத்துல மட்டி மட்டியாவே இருக்கும்.

அண்டியாபீஸ் பேரன்:

பருப்பு காரியம் நான் சொல்றேன், எனக்க அம்மச்சி ஆயுசு முழுக்க அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலை) தோலு உரிச்சவங்க. பனானா பிரெட்டுக்கு முழுப்பருப்பு வாங்குறது வேஸ்ட். கடையில டபிள்யூ 320, டபிள்யூ 240ன்னு போட்டிருக்கும், அது ஒரு பவுண்டுல எத்தனை பருப்பு நிக்கும்னு கணக்கு, நம்பர் கொறைய கொறைய பருப்பு பெருசு, விலையும் ஏறும். எப்படியும் நீங்க நறுக்கத்தான போறீங்க, துண்டு பருப்புன்னு கேட்டு வாங்குங்க, ருசியில ஒரு வித்தியாசமும் கிடையாது.

வால்நட்டுக்கும் அண்டிப்பருப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டும். வால்நட்ல ஒரு கசப்பு இருக்கும், அது பழத்துக்க இனிப்பை வெட்டும், அதுக்காகத்தான் அவங்க அதைப் போடுறாங்க. அண்டிப்பருப்பு தானே இனிப்பு, மெது, பச்சையா போட்டா ஈரத்துல ஊறி இருக்கதே தெரியாது. அதனால வறுக்காம போடாதீங்க. ஓடிஜில 160ல ஒரு எட்டு பத்து நிமிஷம், இடையில ஒரு பெரட்டு, நிறம் லேசா மாறினதும் எடுத்துரணும், எடுத்த பொறவும் சூட்டுல கொஞ்சம் செவக்கும். ஆறினதும் கொஞ்சம் பெரிய துண்டாவே நறுக்கி, பாதியை மாவுல, பாதியை மேல தூவி லேசா அமுக்கி விடுங்க. மேல இருக்கதுதான் கடைசி வரைக்கும் மொறுமொறுன்னு நிக்கும். கசப்பு வேணும்னா கொஞ்சம் எள்ளு வறுத்து கூட போடுங்க, கருப்பட்டிக்கும் எள்ளுக்கும் நல்ல சேர்க்கை.

பருப்பு அடியில தங்கிரும்னு மாவுல பெரட்டிப் போடச் சொல்வாங்க, மாவு கெட்டியா இருந்தா அது ஒண்ணும் தேவை இல்ல. அடியில தங்குதுன்னா உங்க மாவு தண்ணியா இருக்குன்னு அர்த்தம். வால்நட்டே போடணும்னா ஒண்ணை கடிச்சுப் பாத்துட்டு போடுங்க, நம்ம ஊரு சூட்டுல கடையில ரொம்ப நாள் கிடந்தா காறிப் போயிரும், அந்த வாடை பிரெட் முழுக்க ஏறும்.

வெள்ளை கோட்டு:

ரெண்டு காரியம் மட்டும், யாரும் தப்பா எடுக்காதீங்க. 10 மாச பிள்ளைக்கு தேன் போட்டது குடுக்கவே கூடாது. ஒரு வயசு ஆகுற வரைக்கும் தேன் எந்த ரூபத்துலயும் வேண்டாம், அதுல இருக்க வாய்ப்புள்ள பாட்டுலிசம் கிருமிக்க விதை பிரெட் வேகுற சூட்டுல சாவாது, பெரியவங்களுக்கு ஒண்ணும் செய்யாது, பச்சப்பிள்ளை குடலுக்கு அதைத் தாங்குற பலம் கிடையாது. பிறந்த பிள்ளை நாக்குல தேனைத் தடவி சேனை தொட்டு வைக்கிற பழக்கத்தையும் அதனாலதான் வேண்டாம்னு சொல்றோம். கருப்பட்டி போட்டாலும் இந்த வயசுல இனிப்பு பழக்காம இருக்கது நல்லது, பருப்பு துண்டு வேற தொண்டையில அடைக்கும். அவனுக்கு மட்டிப்பழத்தை மசிச்சு அப்படியே குடுங்க, அதை விட நல்லது எதுவும் இல்ல.

அடுத்தது அம்மைக்க காரியம். கருப்பட்டியும் சரி தேனும் சரி, நாட்டு சாமானம்ங்கிறதால சுகர் ஏறாதுன்னு நெனைக்காதீங்க. கருப்பட்டியில பெரும்பாலும் இருக்கது சீனியில இருக்க அதே சுக்ரோஸ்தான், தேன்ல குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். பழமும் மாவும் வேற இருக்கு. ஒரு மெல்லிசு துண்டு, சாப்பாட்டோட சேத்து, அன்னைக்கு சோறைக் கொறைச்சு குடுங்க. சாயாவுக்கு கூட ரெண்டு மூணு துண்டுன்னு போச்சுன்னா மறுநாள் ரத்தத்துல தெரிஞ்சிரும்.

மார்த்தாண்டம் தேன்கூடு:

டாக்டரம்மாவோ சிஸ்டரோ சொன்னது சரி. பெரியவங்களுக்கு மட்டும் தேன்ல செய்யுறதா இருந்தா நான் செய்யுற விதம் சொல்றேன், வீட்டுல தேன்பெட்டி வச்சிருக்கோம். நம்ம ஏரியாவுல கிட்டுறது பெரும்பாலும் ரப்பர் தேன், பூவுல இருந்து வர்றது கூட இல்ல, ரப்பர் கொழுந்து விடுற நேரம் எலைக்காம்புல ஊறுற இனிப்பை தேனீ எடுக்கும். அது சீக்கிரம் உறைஞ்சு கட்டியாவும், உடனே கலப்படம்னு சொல்லிருவாங்க, கலப்படம் இல்ல, அதுக்க சுபாவம் அப்படி. சுடுதண்ணி பாத்திரத்துல பாட்டிலை எறக்கி வச்சா எளகிரும், அடுப்புல நேரா வைக்காதீங்க.

தேன் சீனியை விட இனிப்பு அதிகம், தண்ணியும் உண்டும். 150 கிராம் சீனி கேட்டா 110 கிராம் தேன் போதும், தயிரை ஒரு ஸ்பூனா கொறைச்சிருங்க. தேன்ல புளிப்பு இருக்கதால சோடா சும்மாவே நல்லா பொங்கும். ஓவன் மட்டும் 160க்கு மேல போவாதீங்க, தேன் சீக்கிரம் செவக்கும், உள்ள வேவுறதுக்கு முன்ன மேல கரிஞ்சிரும். பாதி நேரம் ஆனதும் மேல ஒரு பாயில் பேப்பரை லூசா மூடி விட்டா நிறம் நிக்கும்.

ஆனா உண்மையைச் சொல்லணும்னா நல்ல தேனை வேவிக்கிறது எனக்குப் பிடிக்காது, மணம் பாதி போயிரும். கருப்பட்டியில செஞ்சு, திங்கும்போது துண்டு மேல ஒரு சொட்டு தேன் விடுறதாக்கும் எனக்கு இஷ்டம்.

திருவட்டார் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தேன் காரியம் எனக்கு தெரியவே தெரியாது, நல்ல வேளை கேட்டேன். கருப்பட்டியிலதான் செஞ்சேன், மட்டிதான் போட்டேன் (வடசேரி அண்ணன் மன்னிச்சுக்கிடுங்க), கருப்பட்டி 100 கிராமா கொறைச்சேன், அதுவே போதும்னு எல்லாரும் சொன்னாங்க. ஓடிஜில 170, கீழ் கம்பி மட்டும் போடாம ரெண்டு கம்பியும் போட்டு நடுத்தட்டுல வச்சேன். 45 நிமிஷத்துல குத்திப் பாத்தப்பம் ஈர்க்குல மாவு ஒட்டிச்சு, 55ல சுத்தமா வந்துட்டு. மேல நடுவுல நீளமா ஒரு வெடிப்பு, அதுக்குள்ள பருப்பு செவந்து நிக்கு, வட்டமா நறுக்கிப் போட்ட பழம் ஓரத்துல உருகி மிட்டாய் மாதிரி ஆயிட்டு. சூட்டோட அறுத்தது பொடிஞ்சிச்சு, மறுநாள் காலைல அறுத்தது கத்தியில ஒட்டாம மெல்லிசா வந்துது, ருசியும் மறுநாள்தான் கூடுதல். அம்மை ஒரு துண்டு தின்னுட்டு இது நம்ம பழைய பழ அப்பம்தான, இதுக்கு எதுக்கு இங்கிலீஷ் பேருன்னு கேக்காவ.

இனி ஒரு சந்தேகம், இந்த மழையில வெளிய வச்சா எத்தனை நாள் நிக்கும்?

நாஞ்சில் அடுக்களை:

ரெண்டு நாள், அதுக்கு மேல நம்பாத. பழம் போட்டது ஈரம் ஜாஸ்தி, இடவப்பாதி மழையில மூணாம் நாள் அடியில பூசணம் பிடிச்சிரும், மேல பாத்தா தெரியாது. நல்லா ஆறினதுக்குப் பொறவு டப்பாவுல போடு, சூட்டோட மூடினா வேர்த்து சீக்கிரம் கெடும். பிரிட்ஜ்ல ஒரு அஞ்சு நாள் தாராளமா நிக்கும். நெறைய இருந்தா துண்டு போட்டு இடையில பட்டர் பேப்பர் வச்சு ஃப்ரீசர்ல போடு, வேணும்கிறப்பம் தோசைக்கல்லுல லேசா வாட்டி எடு.

குளச்சல் காத்து:

அக்கா, ஓவன் இல்லாதவங்க குக்கர்ல செய்யலாமா? அலுமினிய குக்கர்தான் இருக்கு.

நாஞ்சில் அடுக்களை:

செய்யலாம் மக்கா. வாஷரும் வெயிட்டும் கழட்டிரு, மறந்துராத. அடியில ஒரு இஞ்சு உப்பு பரத்தி, மேல ஸ்டாண்டு வச்சு, மூடி போட்டு மிதமான தீயில பத்து நிமிஷம் காய விடு, தண்ணி ஒரு சொட்டு விடாத. நீள டின் குக்கர்ல எறங்காது, ஆறு இஞ்சு வட்டத் தட்டு போதும், மேல சொன்ன அளவுல பாதி போடு. தீயை சிம்ல வச்சு 40 நிமிஷம் கழிச்சு குத்திப் பாரு, அதுக்கு முன்ன தொறந்து தொறந்து பாத்தா நடு குழிஞ்சிரும். மேல் பக்கம் செவக்காது, வெளுத்துதான் இருக்கும், கருப்பட்டி போட்டா அந்தக் கொறை கண்ணுக்குத் தெரியாது. அந்த உப்பை களையாம ஒரு டப்பாவுல போட்டு வை, அடுத்த தடவைக்கும் ஆவும், கறியில மட்டும் போட்டுராத.