ஊறிய விதை முளைக்காமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா?

கேத்தியிலிருந்து:
மாசித் தொடக்கத்தில் நடந்தது. இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. பனி விட்டுவிட்டது என்று நம்பி, எடுத்து வைத்திருந்த பீன்ஸ் விதையை இரவில் வாளித் தண்ணீரில் போட்டு வாசலிலேயே வைத்துவிட்டேன். விடியற்காலையில் பார்த்தபோது ஒவ்வொரு விதையும் ஏறக்குறைய இரு மடங்காகப் பருத்திருந்தது. "உயிர் பிடித்துவிட்டது அம்மா" என்று கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர் வடிகஞ்சிபோல் கலங்கியிருந்ததைப் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டாம் நாள் பாத்தியைக் கிளறி ஒரு விதையை விரலால் அழுத்தினேன். இரண்டு பருப்பும் வழுக்கிப் பிரிந்தன, முளைவேர் இருக்க வேண்டிய இடுக்கில் பழுப்புக் கூழ்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக ஊறிய விதை ஏன் செத்தது?

பூம்பாறையிலிருந்து:
ஊறியதை உயிருக்கு அடையாளமாகக் கொண்டதில்தான் பிழை. காய்ந்த விதையிலுள்ள புரதமும் மாவும் நீரைத் தாமாகவே இழுக்கும். செத்த விதையும் ஊறும். பரணில் பல ஆண்டுகள் கிடந்த பட்டாணியையும் புதுப் பட்டாணியையும் தனித்தனித் தட்டுகளில் ஈரத்துணியில் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் மாலையில் எது எந்தத் தட்டு என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டும் பருப்பதை நிறுத்திக்கொண்டன. வெளியே அசைவற்றுத் தோன்றும் அந்த நேரத்தில்தான் உயிருள்ள விதை சுவாசத்தைக் கூட்டி, செல்களைச் செப்பனிடுகிறது. மூன்றாம் நாள் புதியதில் வெண்ணிற முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு கீழ்நோக்கி வளைந்தது. பழையது உப்பியபடியே நாற்றமெடுத்தது. உங்கள் விதை மூழ்கிக் கிடந்து காற்றில்லாமல் இறந்திருக்கும்.

கோத்தகிரியிலிருந்து:
பூம்பாறை நண்பர் சொன்னதில் முற்பாதியை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை; ஓர் இரவு மூழ்கியதைவிடக் குளிரே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். எனக்கு நேர்ந்தது நேர்மாறானது. ஒரு வாரம் ஊறியும் சீகை விதைகள் கருங்கற்களாகவே கிடந்ததால், செத்தவை என்று வேலியோரம் கொட்டிவிட்டேன். அங்கே சருகு கொளுத்திய சாம்பலினூடே அடுத்த மழைக்கு அவை கூட்டமாக முளைத்து நின்றதைக் கண்டு வெகுநேரம் குந்தியிருந்தேன். நீர் புகாத தோலைச் சூடு திறந்துவிட்டிருந்தது.

பீன்ஸ் அப்படிப்பட்டதன்று. மிகவும் காய்ந்த பருப்புக்குள் சில்லென்ற நீர் விரைந்து புகும்போது, செல் சவ்வுகள் சீரடைவதற்கு முன்பே சிதைந்து, உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிகிறது. நீங்கள் கண்ட கலங்கலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மண்ணிலுள்ள பூஞ்சையும் அந்தக் கசிவைத் தேடித்தான் வருகிறது. ஆகவே வாளியில் ஊறப் போடாதீர்கள். பிழிந்த ஈரச் சாக்கில் சுற்றி, அடுப்படி வெதுவெதுப்பில் ஓர் இரவு வையுங்கள். ஈரம் மெதுவாக ஏறும். தோலில் கீறல் விழுந்த விதைகளில் நீர் இன்னும் வேகமாகப் புகும் என்பதால் அவற்றை முன்னரே பொறுக்கி நீக்குங்கள். மண் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை விதைக்க வேண்டாம். மீதமிருக்கும் விதையில் இருபதை எடுத்து இவ்வாறு சுற்றி வைத்து, எத்தனை முளைவேர் விடுகின்றன என்று எழுதுங்கள்.