நடுக்கோட்டை விட்டு விலகிய சிறுமூளைக் கட்டி: ஏ.டி.ஆர்.டி. என்று எழுதலாமா?

முதுநிலைக் கதிரியல் மாணவி:
ஒன்றரை வயதுக் குழந்தை. காலையில் வாந்தி, தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது. எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையின் இடப்புறம் தொடங்கிப் பாலக் கோணத்துக்குள் (சிறுமூளையும் மூளைத்தண்டும் சந்திக்கும் பக்கவாட்டு மூலை) இறங்கும் கட்டி. திடப்பகுதி, நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் வெளுத்தும், அந்த நகர்வின் அளவைக் காட்டும் ஏ.டி.சி. படத்தில் கறுத்தும் இருக்கிறது. விளிம்பில் சிறு நீர்ப்பைகள். டிஃப்யூஷனைப் பார்த்து மெடுல்லோபிளாஸ்டோமா (குழந்தைகளுக்குச் சிறுமூளையில் வரும் புற்றுக்கட்டி) என்று எழுதியிருக்கிறேன். ஏ.டி.ஆர்.டி.யையும் (ராப்டாய்டு வகையைச் சேர்ந்த, வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி) சேர்க்கலாமா?

குழந்தைக் கதிரியல் மருத்துவர்:
சேர்ப்பதென்ன, நானாக இருந்தால் அதைத்தான் முதலில் எழுதுவேன். டிஃப்யூஷன் இங்கே தீர்ப்புச் சொல்லாது, அம்மா. செல்கள் நெருக்கியடித்திருந்தால் நீர் மூலக்கூறு நகர இடமில்லை. இரண்டு கட்டிகளும் ஒரே மாதிரிதான் கறுக்கும். செல்கள் அப்படி நெருங்கியிராத, மெதுவாக வளரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற கட்டியைத் தள்ளி வைக்க அது உதவும், அவ்வளவுதான்.

வயதையும் இடத்தையும் பாருங்கள். ஏ.டி.ஆர்.டி. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வருவது. மெடுல்லோபிளாஸ்டோமா இந்த வயதில் வழக்கமாக வெர்மிஸில் (சிறுமூளையின் நடுப்பகுதி) கிளம்பி, அதற்கு முன்னாலுள்ள நீர் அறையான நான்காம் வென்ட்ரிக்கிளை அடைக்கும். மரபணு அடிப்படையில் பிரித்த அதன் வகைகளில் ஒன்றான டபிள்யு.என்.டி. வகை பாலக் கோணப் பக்கம் போவதுண்டு. ஆனால் கைக்குழந்தைகளில் அது அரிது. நீங்கள் போகிற போக்கில் சொன்ன விளிம்பு நீர்ப்பைகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. இரத்தக் கசிவு இருக்கிறதா என்று எஸ்.டபிள்யு.ஐ.யை (கசிந்த இரத்தத்தைக் கறுப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்) பாருங்கள். கான்ட்ராஸ்ட் படத்தில் அழுகிய நடுப்பகுதியைச் சுற்றித் தடித்த, அலையலையான பட்டை தெரிந்தால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

தண்டுவடப் படம் எடுத்தாயிற்றா? அறுவைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் கீழே வழிந்த இரத்தமும் பரவிய கட்டியும் ஒன்று போலத் தோன்றிக் குழப்பும்.

நோய்க்குறியியல் மருத்துவர்:
படம் சந்தேகத்தைத்தான் எழுப்பும்; முடிவு எங்கள் மேசையில். ஐ.என்.ஐ.1 என்ற புரதத்தைக் காட்டும் சாயமிட்டால் கட்டிச் செல்களின் உட்கரு நிறமேறாமல் வெளிறியிருக்கும், அதே தகட்டில் இரத்தக் குழாய்ச் செல்கள் பழுப்பாகத் தெரியும். காரணம், அந்தப் புரதத்தைத் தரும், 22ஆம் குரோமோசோமில் உள்ள ஸ்மார்க்பி1 மரபணு பழுதாகியிருப்பது. அரிதாக ஐ.என்.ஐ.1 அப்படியே இருந்து, ஸ்மார்க்ஏ4 என்ற இன்னொரு மரபணு போயிருக்கும். சில குழந்தைகளுக்கு இந்த மரபணுப் பிழை பிறவியிலேயே உண்டு. அவர்களுக்குச் சிறுநீரகத்திலும் ராப்டாய்டு கட்டி வரலாம்.

மாணவி:
நன்றி ஐயா. எஸ்.டபிள்யு.ஐ.யில் கரும்புள்ளிகள் இருக்கின்றன. அறிக்கையை மாற்றிவிட்டேன். தண்டுவடப் படம் நாளை, மயக்க மருந்து கொடுத்து.

குழந்தைக் கதிரியல் மருத்துவர்:
வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு மயக்கம் தேவையில்லை. அதை இன்றே பார்த்துவிடுங்கள்.