அப்டேட்: அக்காவோட பாஸ்போர்ட் கிடைச்சிடுச்சு

போன த்ரெட்ல சொன்னேன்ல, வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போன அக்காவ முதலாளியம்மா அடிச்சு பாஸ்போர்ட்டயும் பிடுங்கி வச்சிருக்காங்கன்னு, இப்போ அக்கா தூதரக ஷெல்டர்ல இருக்காங்க, பாஸ்போர்ட்டும் வந்துடுச்சு, சம்பள பாக்கிதான் இழுத்துட்டே கிடக்கு. "பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வச்சோம்"னாங்களாம், நல்லா கத விடுறாங்க! ஐஎல்ஓவோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) வீட்டு வேலை செய்றவங்களுக்கான 2011 ஒப்பந்தம் 189ல பாஸ்போர்ட்ட தொழிலாளியே வச்சுக்கலாம்னு தெளிவா இருக்கு, 2019ல வந்த ஒப்பந்தம் 190, முதலாளி தர்ற தங்குமிடத்துல நடக்கிறதையும் வேலையிட வன்முறைன்னு சேர்க்குது, ஆனா அந்த நாடு ஏத்துக்கிட்டு சட்டமாக்கினாத்தான் பிரயோஜனம்.

அக்கா ஓடிப்போயிட்டாங்கன்னு முதலாளியம்மா கேஸ் போடுவாங்களான்னு கேட்டீங்க, போட்டாங்க. ஆனா அக்கா காயத்த அன்னன்னைக்கே போட்டோ எடுத்து, காண்ட்ராக்ட்டோட சேர்த்து தங்கச்சிக்கு வாட்ஸ்அப் பண்ணியிருந்தாங்க, போனப் பிடுங்கினதுக்கு அப்புறமும் அதான் ஆதாரமா நின்னுச்சு. ஏஜென்ட் இன்னும் போன் எடுக்கல.