காமன் கூத்து வாத்தியார்: பாட்டு, ஆட்டம், தப்பு (தெரிந்தவர்கள் பகிருங்கள்)

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடுவதுதான் காமன் கூத்து. அதற்கு வாத்தியார்தான் பாட்டுக் கட்டுவார், வேடம் போடுவார், தப்புக்காரருக்கு (தப்பு என்றால் பறை) அடி சொல்லிக்கொடுப்பார். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியை ஒட்டி மன்மதன் எரிப்பு. பழக வருகிற பிள்ளைகள் எடுத்தவுடன் பாட்டு எழுதிய கொப்பியைப் பிடிக்கிறார்கள். அது சரிவராது. கொப்பியில் வரி மட்டும்தான் இருக்கும். எங்கே இழுக்கணும், எங்கே மிதிக்கணும் என்பது வாத்தியார் வாயிலும் காலிலும்தான். முதலில் அடி காலில் ஏறட்டும். ஆரம்பத்திலேயே சுருதியைத் தூக்கிப் பாடினால், பனியில் தொண்டை கட்டி எரிப்புக் கட்டத்தில் குரல் நிற்காது.

—

அண்ணே, தப்பைப் பற்றியும் சொல்லணும். சட்டம் வளைந்த மூன்று பலகைத் துண்டு. மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டுவது. இடக்கைக்கு மெல்லிய நீள மூங்கில் சிம்பு, வலக்கைக்குத் தடித்த குட்டைக் குச்சி. இரவில் மூட்டம் இறங்கினால் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து, சத்தம் அமுங்கிவிடும். அப்போது நெருப்பில் காய்ச்சணும். வைக்கோல் பொசுக்கென்று எரிந்து அடங்கும். நமக்குக் கிடைப்பது கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள். அது தணலாக நின்று எரியும், கிட்டக் காட்டவே கூடாது. தோலைத் தணல் பக்கம் திருப்பி, சுற்றிக்கொண்டே காய்ச்சி, விரலால் சுண்டிப் பாருங்கள். ஓரத்தில் சூடு ஏறினால் பசை விடும், நடுவில் ஏறினால் தோல் வெடிக்கும். ஒரு தப்பு ஆட்டத்தில் இருக்கும்போது இன்னொன்று காய்ந்துகொண்டிருக்கணும்.

—

வாத்தியாருக்குப் பாட்டு வந்த வழியையும் பேசுவோம். ரதி வேடம் போடுவது ஆண்தான். ஆனால் ரதி புலம்பலின் மெட்டு லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பெண்களின் ஒப்பாரி. வரி முடிவில் மூச்சு உடைகிற இடத்தில் பின்பாட்டு நுழைந்தால் அழுகை செத்துவிடும்; ஒரு மூச்சு விட்டுத்தான் எடுக்கணும். தாலாட்டு, கொழுந்து பறிக்கும் பாட்டு எல்லாமே அப்படி வாய்வழி வந்தவை. வட்டகொடை மடக்கும்புரையில் 1914இல் பிறந்த மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் திரட்டித் தந்திராவிட்டால் பாதி போயிருக்கும். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாளும் தொழிலாளர் பாட்டுகளை மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில்தான் கட்டினார். கேட்டவுடன் கூட்டம் சேர்ந்து பாடும்.

மூத்த வாத்தியார்களைப் பதிவு செய்பவர்கள் கொப்பியைப் படம் எடுத்ததோடு நிறுத்த வேண்டாம். போனைத் தப்புக்காரர் பக்கம் வைத்தால் குரல் புதைந்துபோகும். பின்பாட்டுக்காரர் காலடியில் வையுங்கள். பிறகு தப்பு இல்லாமல், அவர் கையால் தாளம் போட்டுப் பாடுவதைத் தனியாக ஒரு தடவை எடுங்கள்.